1981-இல் கட்டிய வீடு: அட்வான்ஸ் கொடுக்கும் முன் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரைக் கூட்டிப்போய்க் காட்டலாமா?

வீடுதேடி | நவம்பர் 9

எல்லோருக்கும் வணக்கம். ஏழு மாதமாகச் சென்னையில் வீடு தேடுகிறோம். கடைசியில் திருவான்மியூரில் ஒரு தனி வீடு மனசுக்குப் பிடித்துவிட்டது. கீழ்த்தளம் 1981-இல் கட்டியது, மாடி 1994-இல் எழுப்பியது. கீழே வீட்டுக்கார அம்மா தனியாக இருக்கிறார், வயது எழுபத்தைந்துக்கு மேல். மாடியில் வாடகைக்கு ஒரு குடும்பம். அம்மாவின் கணவர் கூடவே நின்று கட்டிய வீடு. செங்கல்லை ஒவ்வொன்றாகத் தண்ணீரில் ஊறவைத்துக் கொடுத்தாராம். இதை நாங்கள் போன மூன்று தடவையும் சொன்னார்.

பத்திரம் எல்லாம் வக்கீல் பார்த்துவிட்டார். மூலப்பத்திரம், பட்டா, வில்லங்கம் எதிலும் குறையில்லை. அதற்கே ஒன்றரை மாதம் ஓடிவிட்டது. வீட்டுக்குள் நாங்கள் நின்ற நேரத்தைக் கூட்டிப் பார்த்தால் ஒரு மணி நேரம்கூட வராது. இதை நினைத்துத்தான் ராத்திரி தூக்கம் வரவில்லை.

என் கண்ணில் பட்டவை இவை. வீடு முழுக்கப் பழைய பெயிண்ட், ஆனால் கீழே பின்பக்கப் படுக்கையறைச் சீலிங்கில் மட்டும் புதுப் பட்டி பார்த்துப் பளிச்சென்று வெள்ளை அடித்திருக்கிறது. ஹால் ஜன்னலுக்கு மேல் மயிரிழை மாதிரி ஒரு கோடு. முன்பக்க சன்ஷேடின் அடியில் ஓர் இடத்தில் கம்பி தெரிகிறது. மற்றபடி மொசைக் தரை, தேக்கு நிலை எல்லாம் அருமை. மாடிக் குளியலறைக்குள் போக மட்டும் ஒரு படி ஏற வேண்டும், அதைப் பிறகு மாற்றிக்கொள்ளலாம்.

புரோக்கர் "கட்டடம் கல்லு மாதிரி சார்" என்கிறார். அப்பா தெரிந்த மேஸ்திரியைக் கூட்டிப்போனால் போதும் என்கிறார். நான் முறையாக ஒரு ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியரை வைத்துப் பார்க்க நினைக்கிறேன். யாராவது அப்படிச் செய்திருக்கிறீர்களா? என்னென்ன பார்ப்பார்கள்? அந்த அம்மாவிடம் இதை எப்படிக் கேட்பது?

ஈரச்சுவர் | நவம்பர் 9

தம்பி, பாருங்கள். கட்டாயம் பாருங்கள். நான் பார்க்காமல் வாங்கினவன்.

தென்சென்னைப் புறநகரில் 2017-இல் வாங்கினோம். அப்போது வீட்டுக்கு முப்பது வயது. குடி புகுந்த இரண்டாவது ஐப்பசியில் ஒரு ராத்திரி, இரண்டு மணி இருக்கும், பெரிய சத்தம். திருடன் என்றுதான் ஓடினேன். பையனின் படிப்பு மேஜைமேல் தாம்பாள அகலத்துக்குச் சீலிங் பெயர்ந்து விழுந்து கிடந்தது. நாற்காலியின் முதுகு உடைந்திருந்தது. மாலை முழுக்க அவன் அதில் உட்கார்ந்துதான் எழுதிக்கொண்டிருந்தான். டார்ச் அடித்து மேலே பார்த்தால் கம்பி பட்டை பட்டையாக உரிந்து நிற்கிறது. விரலால் தொட்டேன், அப்பளம் மாதிரி உதிர்ந்தது.

மேஸ்திரி ஒருவர் வந்து கொத்திவிட்டு சிமெண்ட் பூசினார். பதினான்கு மாதத்தில் அதே இடம் மறுபடி விழுந்தது. அதற்கப்புறம்தான் இன்ஜினியர். மூன்று அறைச் சீலிங்கையும் ரிப்பேர் செய்து முடிக்க எனக்கு எட்டு லட்சத்துக்கு மேல் போனது. நான்கு மாதம் வாடகை வீட்டில் இருந்தோம். விற்றவரிடம் கேட்டேன். "நீங்க பார்த்துத்தானே வாங்கினீங்க" என்றார், அவ்வளவுதான்.

நானும் அன்று புதுப் பெயிண்டைப் பார்த்து நல்லா வைத்திருக்கிறார்கள் என்று நினைத்தேன். உங்கள் பதிவில் அந்த ஓர் அறை வெள்ளையைப் படித்ததும் எனக்கு வயிற்றைப் பிசைந்தது.

பழையகணக்கு | நவம்பர் 10

எனக்குக் கருத்து வேறு. திருவான்மியூரில் நீங்கள் கொடுக்கும் பணத்தில் பெரும்பங்கு மனைக்குத்தான். நாற்பத்தைந்து வருஷக் கட்டடத்துக்குச் சந்தையில் யாரும் பெரிதாக விலை வைப்பதில்லை. பத்து வருஷத்தில் நீங்களோ ஒரு பில்டரோ இடிக்கத்தான் போகிறீர்கள். இடிக்கப்போகிற வீட்டுக்கு எதற்கு ஸ்கேன்?

இன்னொன்று, விற்பவர் ஓடிப்போய்விடுவார். இன்ஜினியர், டெஸ்ட் என்றதும் "இவன் விலையைக் குறைக்க வழி தேடுகிறான்" என்று நினைத்து அடுத்த பார்ட்டிக்குக் கொடுத்துவிடுவார். என் மச்சினனுக்கு அப்படி ஒரு வீடு கைநழுவிப் போனது. அனுபவமுள்ள கொத்தனார் ஒருவர் சுற்றிவந்தாலே பாதி விஷயம் சொல்லிவிடுவார். தட்டிப் பார்த்தே சொல்லும் ஆட்கள் இருக்கிறார்கள்.

ஈரச்சுவர் | நவம்பர் 10

சார், இடிக்கிறவரைக்கும் அதற்கடியில்தானே தூங்க வேண்டும்?

கம்பியும்ஜல்லியும் | நவம்பர் 10

நான் ஸ்ட்ரக்சுரல் இன்ஜினியர். இந்த வேலையில் முப்பது வருஷத்துக்கு மேல் ஆகிறது, அதில் பாதி பழைய கட்டடங்கள்தான். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

பழையகணக்கு சார் சொல்வதில் ஒன்று சரி. வாங்கிய கையோடு இடிப்பவருக்கு இது தேவையில்லை. குடியிருக்கப்போகிறவருக்குத் தேவை. கொத்தனார் பற்றியும் சரிதான், நல்ல கொத்தனாரின் காதுக்கு நிகராக ஒரு மெஷினும் கிடையாது. நானும் முதலில் சின்னச் சுத்தியலால் தட்டித்தான் பார்க்கிறேன். கெட்டியாகக் கேட்டால் நல்லது, பொந்துச் சத்தம் வந்தால் உள்ளே கான்கிரீட் கம்பியை விட்டு விலகிவிட்டது. ஆனால் இன்னும் விலகாத இடத்தில் கம்பி துருப்பிடிக்க ஆரம்பித்திருக்கிறதா என்பதைக் காது சொல்லாது.

காரணத்தைச் சொல்கிறேன். நல்ல கான்கிரீட்டின் பிஎச் 12-க்கு மேல் இருக்கும். அந்தக் காரத்தன்மைதான் கம்பியைத் துருவிலிருந்து காக்கிறது. காற்றிலுள்ள கரியமில வாயு வருஷத்துக்கு வருஷம் உள்ளே இறங்கி அந்தக் காரத்தைக் கொன்றுகொண்டே போகும். அது கம்பியைத் தொட்டதும் பாதுகாப்பு போயிற்று. துரு இரும்பைவிடப் பல மடங்கு இடம் பிடிக்கும், அதனால்தான் அடிப்பூச்சைத் தள்ளிக்கொண்டு விழுகிறது. 1981-இல் வீட்டுத் தளங்களுக்குப் பெரும்பாலும் சிமெண்ட், மணல், ஜல்லி 1:2:4 கைக்கலவை, முறுக்கிய டார் கம்பி. கம்பிக்குக் கீழே அரை அங்குலம் கான்கிரீட் இருந்தாலே அதிர்ஷ்டம். இந்தியக் கான்கிரீட் தரநூலான ஐஎஸ் 456 கடற்கரைச் சூழலுக்கு 45 மில்லிமீட்டர் கவர் (கம்பியை மூடும் கான்கிரீட்), எம்30 என்ற வலிமைத் தரத்தில் கான்கிரீட் கேட்கிறது. உங்கள் வீட்டை இந்த அளவுகோலால் அளந்து பயப்படச் சொல்லவில்லை, எந்த ஊரில் எந்தக் காலத்தில் கட்டியது என்பதை மனசில் வைத்துக்கொள்ளச் சொல்கிறேன். உப்புத் தண்ணீரில் கலவை போட்டிருந்தால் காரம் இருக்கும்போதே கம்பி துருப்பிடிக்கும். அதற்குத் துளையிட்டுத் தூள் எடுத்து லேபில் குளோரைடு பார்க்க வேண்டும். கன மீட்டருக்கு 0.6 கிலோவைத் தாண்டக்கூடாது.

டெஸ்டுகள் பற்றிக் கேட்டீர்கள். ரீபவுண்ட் ஹேமர் என்று ஒன்றை எல்லோரும் கொண்டுவருவார்கள். அது மேற்பரப்பின் கடினத்தைத்தான் சொல்லும். அதில் வரும் வலிமைக் கணக்கு 25 சதவீதம் மேலேயோ கீழேயோ போகலாம் என்று ஐஎஸ் தரநூலே சொல்லியிருக்கிறது. பழைய கான்கிரீட்டின் தோல் கரியமில வாயுவால் இறுகிப்போயிருக்கும், எண் நன்றாகவே வரும். அதை மட்டும் வைத்து "வீடு ஸ்ட்ராங்" என்று எழுதிக் கொடுப்பவரை நம்பாதீர்கள். அல்ட்ராசோனிக் அலை கான்கிரீட்டுக்குள் வேகமாக ஓடினால் நல்லது, மெதுவாக ஓடினால் சந்தேகம். கம்பிக்கு ஹாஃப் செல் டெஸ்ட், மின்னழுத்தம் மைனஸ் 350 மில்லிவோல்ட்டைத் தாண்டிப் போனால் அங்கே துரு ஓடிக்கொண்டிருக்க 90 சதவீதத்துக்கு மேல் வாய்ப்பு. வீட்டுக்கு எல்லா டெஸ்டும் எல்லா இடத்திலும் வேண்டாம். எங்கே செய்வது என்று தேர்ந்தெடுப்பதற்குத்தான் இன்ஜினியர்.

இப்போது உங்கள் வீடு. ஜன்னலுக்கு மேலே மயிரிழைக் கோடு எனக்குக் கவலை இல்லை. தளத்துக்குச் சற்றுக் கீழே படுக்கையாக ஓடும் விரிசலும் பெரும்பாலும் வெயிலில் தளம் விரிந்து சுருங்குவதால் வருவது. ஜன்னல் மூலையிலிருந்து படிக்கட்டு மாதிரி சாய்ந்து இறங்கினால் கடக்காலை, அதாவது அஸ்திவாரத்தை, பார்க்க வேண்டும். உங்கள் பக்கம் கடற்கரை மணல், தாங்கும். இதே விரிசலை வேளச்சேரி, பள்ளிக்கரணைக் களிமண்ணிலோ கோவில்பட்டிக் கரிசலிலோ பார்த்தால் வேறு மாதிரி பேசுவேன். சன்ஷேடில் தெரியும் கம்பி ரிப்பேர் செய்யக்கூடியது.

என்னை நிமிர்ந்து உட்காரவைத்தது நீங்கள் போகிறபோக்கில் சொன்ன அந்த ஒரு படி. மாடிக் குளியலறைக்கு ஏன் ஏறிப் போக வேண்டும்? 1981-இல் அது மொட்டை மாடி. குளியலறை வரும் என்று தளத்தைத் தாழ்த்திப் போட்டிருக்க மாட்டார்கள். 1994-இல் குழாய் பதிக்க இடம் வேண்டி, தளத்தின் மேலேயே உடைந்த செங்கல்லைக் கொட்டித் தரையை உயர்த்தியிருப்பார்கள். முக்கால் அடி நிரப்பு என்றால் சதுர மீட்டருக்கு 350 கிலோவுக்கு மேல். மொட்டை மாடித் தளத்துக்கு ஆள் நடமாட்டச் சுமையாகக் கணக்கு வைப்பதே 150 கிலோ. போதாததற்கு, குழாய் கசிந்தால் அந்தச் செங்கல் தண்ணீரைக் குடித்துக்கொண்டு வருஷக்கணக்கில் அப்படியே வைத்திருக்கும்.

அந்தக் குளியலறைக்கு நேர் கீழே எந்த அறை?

வீடுதேடி | நவம்பர் 10

சார், இப்போதுதான் வரைபடத்தை எடுத்துப் பார்த்தேன். பின்பக்கப் படுக்கையறை. வெள்ளை அடித்த அறை. அம்மா படுப்பது அங்கேதான்.

பத்திரம் | நவம்பர் 11

வக்கீல் தரப்பிலிருந்து சில வார்த்தைகள். ஈரச்சுவர் அண்ணனுக்குக் கிடைத்த பதில் நம் ஊரில் தினமும் கிடைப்பது. 1882-ஆம் வருஷத்துச் சொத்து மாற்றச் சட்டம், பிரிவு 55. விற்பவருக்குத் தெரிந்து, வாங்குபவருக்குத் தெரியாத, சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் தென்படாத முக்கியக் குறையை விற்பவர் சொல்லியாக வேண்டும். படிக்க நன்றாக இருக்கிறது. நிரூபிக்கும்போது பாருங்கள், அவருக்குத் தெரியும் என்று நீங்கள் காட்ட வேண்டும், உங்கள் கண்ணில் பட்டிருக்க வழியில்லை என்றும் காட்ட வேண்டும். துருப்பிடித்த கம்பி சன்ஷேடில் வெளியே தெரிந்தது என்றால் இரண்டாவதிலேயே தடுக்கும்.

ரெரா என்கிற ரியல் எஸ்டேட் ஒழுங்குமுறைச் சட்டத்தில் கட்டுமானக் குறைக்கு ஐந்து வருஷப் பொறுப்பு உண்டே என்று பலர் கேட்கிறார்கள். அது புது வீடு விற்கும் புரமோட்டருக்கு. கைமாறும் பழைய வீட்டுக்கு வராது. வங்கி ஆள் வந்து பார்க்கிறாரே என்றும் நினைக்காதீர்கள். தான் கொடுக்கும் கடனுக்கு ஈடு போதுமா என்று வங்கிக்குச் சொல்லத்தான் அவர் வருகிறார். அறைகளை எண்ணி, போட்டோ எடுத்துக்கொண்டு போய்விடுவார். சீலிங்கைத் தட்ட மாட்டார்.

எனவே ஒப்பந்தத்திலேயே எழுதுங்கள். ஆய்வுக்கு விற்பவர் அனுமதிக்கிறார், எந்தெந்த இடத்தில் துளையிடலாம், அதை வாங்குபவர் செலவில் சரிசெய்து தர வேண்டும், அறிக்கையில் தளம், சுவர், கடக்கால் ஆகியவற்றில் குறை வந்தால் விலகிக்கொள்ளலாம், கொடுத்த முன்பணம் இத்தனை நாளில் முழுசாகத் திரும்ப வரும். அப்படி எழுத ஒத்துக்கொள்ளாவிட்டால் ஆய்வை முடித்துவிட்டுப் பணத்தைக் கொடுங்கள். அப்புறம், 1994 மாடிக்கு அனுமதி வரைபடம் இருக்கிறதா? இருந்தால் அதையும் இன்ஜினியர் கையில் கொடுங்கள். எங்கே பீம் போட்டதாகக் காட்டியிருக்கிறார்கள், எங்கே உண்மையில் இருக்கிறது என்று அவர் ஒத்துப்பார்க்க உதவும்.

ஹாரோவாசி | நவம்பர் 11

வணக்கம், நான் இருக்கிறது லண்டனில, பூர்வீகம் யாழ்ப்பாணம். 2022இல இஞ்ச 1930களில கட்டின ஒரு வீடு வாங்கினனாங்கள். இஞ்சத்த நடைமுறையையும் சொன்னா உங்களுக்கு உதவும் எண்டு நினைக்கிறன்.

இங்கிலாந்தில விலை பேசி முடிஞ்ச பிறகும், ஒப்பந்தங்கள் கைமாறும் வரைக்கும் ரெண்டு பக்கத்தையும் ஒண்டும் கட்டாது. அந்த இடைவெளிக்குள்ளதான் வாங்கிற ஆக்கள் தங்கட காசில சேர்வேயரை அனுப்புறது. சேர்வேயர்மாரின்ர அமைப்பான ஆர்ஐசிஎஸின்ர முறைப்படி ஆய்வில மூண்டு நிலை இருக்கு. பழைய வீடு, மாத்திக் கட்டின வீடு எண்டா எல்லாத்திலயும் விரிவான லெவல் 3 எடுக்கச் சொல்லுவினம். விக்கிற ஆக்களும் ஆய்வு வரும் எண்டு எதிர்பாத்துத்தான் இருப்பினம், ஆரும் கோவிக்கிறேல்ல. ஆனா இஞ்சயும் வங்கி அனுப்பின ஆள் வந்து பாத்தவர்தானே எண்டு நம்பி, தனி ஆய்வு எடுக்காம விடுற எங்கட சனம் நிறைய.

எங்கட வீட்டில சேர்வேயர் மேல் அறையில புகைபோக்கி மாடம் நிக்கிறதைப் பாத்திட்டு, கீழ இறங்கி வந்து அதே இடத்தில கையை வச்சவர். கீழ ஒண்டும் இல்ல, சமமான சுவர். முந்தின ஆக்கள் குசினியைப் பெருப்பிக்கக் கீழ்ப்பகுதியை மட்டும் இடிச்சுப் போட்டினம். மேல நிக்கிற அவ்வளவு செங்கல்லையும் என்னத்தில தாங்கி வச்சிருக்கு எண்டு கேட்டவர். கவுன்சில் அனுமதிச் சான்று கேட்டம், விக்கிற ஆக்களிட்ட இல்ல. பிறகு ஸ்ட்ரக்சரல் இன்ஜினியர் வந்து சீலிங்கில ஒரு துண்டை வெட்டிப் பாத்தா, ரெண்டு மரத்துண்டில நிண்டது. இரும்பு உத்தரம் போடுற காசை விலையில கழிச்சுத்தான் வாங்கினனாங்கள்.

லண்டன் களிமண் கோடையில சுருங்கி, மழைக்கு வீங்கும். 2022 வரட்சிக்குப் பிறகு எங்கட வீதியிலயே ரெண்டு வீட்டு முன் ஜன்னல் பக்கச் சுவரில வெடிப்பு விழுந்தது. எங்கட அறிக்கையில முன்னால நிண்ட மரத்தையும் எழுதியிருந்தவர், சுவரில இருந்து எத்தின மீட்டர் எண்டும் போட்டு. வீடு பாக்கப் போன நாளில அந்த மரத்தை நாங்கள் வடிவா இருக்கு எண்டு படம் எடுத்தனாங்கள்.

மட்டப்பா | நவம்பர் 12

எல்லோரும் கான்கிரீட் வீட்டைப் பற்றியே பேசுவதால் இதையும் சொல்லிவிடுகிறேன். என் வீடு திருவல்லிக்கேணியில், மெட்ராஸ் டெரஸ். தேக்கு உத்தரங்களின்மேல் மெல்லிய செங்கல்லைக் குத்தவைத்துச் சாய்வாகச் சுண்ணாம்பில் அடுக்கி, மேலே செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடித்து இறுக்கிய தளம். கம்பியே கிடையாது.

முதலில் ஒரு இன்ஜினியர் வந்தார். கான்கிரீட் மட்டுமே தெரிந்தவர். ஹேமரை வைத்து எதை அளந்தாரோ, "வலிமை இல்லை, இடித்துவிடுங்கள்" என்று எழுதிக் கொடுத்தார். மனசு கேட்காமல், பழைய கட்டடங்களைப் பழுதுபார்த்துப் பழகிய இன்னொருவரைத் தேடிப்பிடித்தேன். அவர் ஒரு ஆசாரியைக் கூட்டிவந்தார். ஏணி போட்டு ஒவ்வொரு உத்தரமும் சுவருக்குள் நுழையும் முனையில் துறப்பணத்தை வைத்துத் திருகினார்கள். நடுவில் மரம் எப்போதும் நன்றாகத்தான் இருக்குமாம், ஓதம் குடிக்கும் சுவர்முனைதான் உளுக்குமாம். பதினேழில் இரண்டில் துறப்பணம் வெண்ணெயில் இறங்குவது மாதிரி இறங்கியது. மற்றதில் தூள் வாசனையோடு வந்தது, புதுத் தேக்கு வாசனை. அந்த இரண்டை மட்டும் மாற்றினோம்.

சுவர் அடியில் உப்பு பூத்து உதிர்ந்ததற்கும் அவர்தான் காரணம் சொன்னார். முன்பிருந்தவர்கள் சுண்ணாம்புப் பூச்சைக் கொத்திவிட்டு சிமெண்ட் பூசி, அதன்மேல் எனாமல் அடித்திருந்தார்கள். ஓதம் வெளியே போக வழியில்லாமல் சுவருக்குள்ளேயே ஏறிக்கொண்டிருந்தது. ஆகவே இன்ஜினியரைத் தேர்ந்தெடுக்கும்போது உங்கள் வீடு எதால் கட்டியதோ அதில் வேலை செய்தவரா என்று முதலில் கேளுங்கள்.

பழையகணக்கு | நவம்பர் 12

எல்லாம் படித்தேன். குடியிருப்பவருக்குத் தேவை என்று ஏற்றுக்கொள்கிறேன். ஆனால் விற்பவர் மனசு என்று நான் சொன்னதற்கு இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை. அந்த அம்மாவின் வீட்டுக்காரர் கட்டிய வீடு. அதில் போய்த் துளை போடுகிறேன் என்று எப்படிக் கேட்பீர்கள்?

வாசலில்கோலம் | நவம்பர் 12

நான் சொல்கிறேன். எங்கள் வீட்டை விற்றபோது நான் அந்த அம்மா இடத்தில் இருந்தேன். புரோக்கர் மூலம் செய்தி வந்திருந்தால் கோபம்தான் வந்திருக்கும். வாங்க வந்த பெண் நேரில் வந்து, காபி குடித்துவிட்டு, "அம்மா, எனக்குக் கட்டடத்தைப் பற்றி ஒன்றும் தெரியாது, கடன் வாங்கி வாங்குகிறோம், தெரிந்த ஒருத்தரை வைத்துப் பார்த்துக்கொள்ளட்டுமா" என்று கேட்டாள். எனக்கு மறுக்கத் தோன்றவில்லை. கூடவே வந்து பாருங்கள், அறிக்கையில் ஒரு பிரதி உங்களுக்கும் தருகிறேன் என்றாள். புரோக்கரை விட்டுவிட்டு நீங்களே போங்கள். உங்கள் வீட்டம்மாவையும் கூட்டிப்போங்கள்.

வீடுதேடி | நவம்பர் 24

தாமதத்துக்கு மன்னியுங்கள். நடந்ததை எழுதுகிறேன்.

வாசலில்கோலம் அக்கா சொன்ன மாதிரியே நானும் மனைவியும் போனோம். கேட்டதும் அம்மா கொஞ்ச நேரம் பேசவில்லை. பிறகு "அவர் இருந்தா அவரே கூட்டிண்டு வந்திருப்பார். பாருங்கோ" என்றார். வெள்ளை அடித்தது பற்றியும் கேட்டோம். மழையில் சீலிங் கறுத்துப்போயிருந்தது, பார்க்க வருகிறவர்களுக்கு அசிங்கமாக இருக்கும் என்று புரோக்கர்தான் ஆள் அனுப்பி அடித்துக் கொடுத்தாராம். மறைக்க வேண்டும் என்ற எண்ணமே அவருக்கு இல்லை.

இன்ஜினியர் இரண்டு பையன்களோடு காலை எட்டு மணிக்கு வந்தார். முதல் ஒன்றரை மணி நேரம் ஒரு கருவியையும் எடுக்கவில்லை. கையில் டார்ச், நோட்டு. லாஃப்டுக்குள் தலையை விட்டார், சம்ப் மூடியைத் திறந்தார், மீட்டர் பெட்டிக்குக் கீழே குனிந்து 2015 வெள்ளத்தில் தண்ணீர் எதுவரை வந்தது என்று கேட்டார். வாசற்படியைத் தாண்டவில்லை என்றார் அம்மா. நிலைக்கால்களின் அடியைத் தட்டிக் கரையான் பார்த்தார். மாடியில் தடுப்புச் சுவர் எங்கெங்கே இருக்கிறது, அதற்கு நேர் கீழே சுவரோ பீமோ இருக்கிறதா என்று டேப் வைத்து அளந்து வரைந்துகொண்டார்.

ஹாலில் முதல் துளை. சுத்தியலும் உளியும் வைத்துச் சீலிங்கில் உள்ளங்கை அளவு கொத்தினார். தூசியை ஊதிவிட்டு ஒரு சின்ன பாட்டிலிலிருந்து மருந்து தெளித்தார். ஃபீனாஃப்தலீன், பள்ளிக்கூட லேபில் பார்த்ததுதான். ஒரு விரல் அகலம் சாம்பல் நிறமாகவே இருந்தது, அதற்கு மேலே கான்கிரீட் பீட்ரூட் சாறு ஊற்றின மாதிரி சிவந்தது. கம்பி அந்தச் சிவப்புக்குள் இருந்தது. "இங்க இன்னும் உயிர் இருக்கு" என்றார். அம்மா நாற்காலியில் உட்கார்ந்து அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தார். முகத்தில் ஒரு சந்தோஷம்.

அடுத்தது பின்னறை. தட்ட ஆரம்பித்ததுமே எனக்கே வித்தியாசம் தெரிந்தது. கட்டிலுக்கு மேலே ஏறக்குறைய ஆறடிக்கு நாலடி, காலிப் பெட்டியைத் தட்டுகிற சத்தம். கட்டிலை நகர்த்தச் சொல்லிவிட்டு ஓரத்தில் மட்டும் லேசாக நெம்பினார். புது வெள்ளையோடு சேர்ந்து ஒரு பாளம் கையோடு வந்தது. கம்பி கறுப்பாக, அடுக்கு அடுக்காக. கேலிப்பர் வைத்து அளந்தார். பத்து மில்லிமீட்டர் கம்பியில் நல்ல இரும்பு ஏழுகூட இல்லை. மருந்து தெளித்தார், நிறமே மாறவில்லை. சுவரோரத்தில் ஈரம் சொட்டியது. மாடியில் அவர்கள் அப்போது குளித்துக்கொண்டிருந்தார்கள்.

அவர் என்னிடம் பேசவில்லை. நேராக அம்மாவிடம் போய், "அம்மா, இன்னைக்கு ராத்திரியிலிருந்து இந்த ரூம்ல படுக்காதீங்க" என்றார்.

அறிக்கை பத்து நாளில் வந்தது, 23 பக்கம், படங்களோடு. எனக்குச் செலவு 42,000 ரூபாய், லேப் கட்டணம் சேர்த்து. சுருக்கமாகச் சொன்னால்: கடக்கால், சுவர்கள் நலம். முன்பக்கத் தளங்கள் நலம், ஆனால் சன்ஷேடுகளையும் மொட்டை மாடியில் பதித்த ஓடுகளையும் உடனே கவனிக்க வேண்டும். குளோரைடு அளவுக்குள்தான். பின்னறைத் தளமும் சமையலறையின் ஒரு பகுதியும் ஒட்டுப்போடும் நிலையைத் தாண்டிவிட்டது. முட்டுக் கொடுத்து, மேலே குளியலறையைப் பிரித்து, அந்தப் பகுதித் தளத்தை வெட்டியெடுத்துப் புதிதாகப் போட வேண்டும்.

கம்பியும்ஜல்லியும் | நவம்பர் 24

நல்ல மனிதராகக் கிடைத்திருக்கிறார். நான் போயிருந்தாலும் முதல் வார்த்தை அதுதான்.

மூன்று விஷயம். மாடிக் குளியலறைத் தண்ணீர் இணைப்பை இன்றே நிறுத்தச் சொல்லுங்கள். முட்டு நிறுத்தும்போது கீழே தரை மொசைக்தானே என்று அப்படியே வைக்காதீர்கள், பலகை போட்டு அதன்மேல் வையுங்கள். தளத்தை வெட்டும் வேலைக்கு வரைபடமும் கம்பிக் கணக்கும் எழுத்தில் வாங்குங்கள், கொத்தனாரிடம் வாயால் சொல்லி ஆரம்பிக்க வேண்டாம். புதுத் தளத்தின் கம்பி பழைய சுவரில் எவ்வளவு உட்கார வேண்டும் என்பதில்தான் இந்த வேலை கெடும்.

ஈரச்சுவர் | நவம்பர் 25

அந்த அம்மா எங்கே படுக்கிறார்?

வீடுதேடி | டிசம்பர் 3

ஹாலில், அண்ணா. அன்றே கட்டிலை மாற்றிவிட்டோம், நானும் இன்ஜினியரோடு வந்த பையன்களும் சேர்ந்துதான் தூக்கினோம். மாடிக்காரர்கள் இப்போது முன்பக்கக் குளியலறையைப் பயன்படுத்துகிறார்கள். பின்னறையில் ஆறு இரும்பு முட்டு நிற்கிறது, பலகைமேல். முட்டுக்கான வாடகையை நான் கொடுப்பதாகச் சொன்னேன். அம்மா ஒத்துக்கொள்ளவில்லை, பாதியாவது என்று கெஞ்சிச் சம்மதிக்க வைத்தேன்.

விலை இன்னும் பேசவில்லை. மகன் வெளிநாட்டிலிருந்து ஜனவரியில் வருகிறார். அறிக்கையை அவருக்கும் அனுப்பியிருக்கிறேன். தளம் மாற்றும் செலவுக்கு இரண்டு எஸ்டிமேட் வாங்கிவிட்டேன், அதைக் கழித்துக்கொண்டு வாங்கத்தான் ஆசை. புரோக்கர் இடையில் வேறு ஒருவரைக் கூட்டிவந்திருக்கிறார். அம்மா அவரை நேராகப் பின்னறைக்கு அழைத்துப்போய் முட்டுகளைக் காட்டி, அறிக்கையையும் கையில் கொடுத்தாராம். அவர் மறுபடி வரவில்லை.

நேற்று நல்ல மழை. சாயங்காலம் போன் செய்தேன். "சொட்டு நின்னுடுத்து. ஹால்ல கொத்தின இடத்தை இப்போ பூச வேண்டாம், பையன் வந்து அந்தச் சிவப்பைப் பார்க்கட்டும்" என்றார்.